மண்ணுக்குள் பாதி ஆயுள்: சென்னையின் தரை ஆர்க்கிட்

சென்னையில் ஆர்க்கிட் என்று சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாண மண்டப மேடை. தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, ஒரு முகூர்த்தம் நின்று, மறுநாள் குப்பைக்குப் போகும் ஊதா டென்ட்ரோபியம். செடி ஆர்வம் கொஞ்சம் உள்ளவர்கள் ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று மலைப்பக்கம் கை காட்டுவார்கள். இந்த வெக்கையிலும் உப்புத் தண்ணீரிலும் ஆர்க்கிட் எங்கே வளரப் போகிறது என்பதுதான் பொதுவான எண்ணம்.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில், மேடவாக்கத்தை ஒட்டி நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 320 ஹெக்டேர். பறவை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த இடம். கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. தொலைநோக்கியை ஆந்தைப் பக்கம் திருப்பி நிற்பவர்களின் காலடியில் அந்தக் காட்டின் இன்னொரு பெருமை இருக்கிறது. நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில், தரையில் வளரும் காட்டு ஆர்க்கிட்டுகளுக்குப் பெயர்போன காடு இது.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள். அவற்றில் 757 மரங்களைப் பற்றி வளர்பவை, 447 தரையில் வளர்பவை. ஆக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணில் வேரூன்றிய செடிகள். நம் மனதில் பதிந்திருப்பது மரக்கிளையில் தொங்கும் ஆர்க்கிட் மட்டும்தான். அதிலும் ஒன்று சமவெளிக்கே உரியது: மா, வேம்பு, பனை என்று கிடைத்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும் வாண்டா டெசலாட்டா. அது நிமிர்ந்து பார்த்தால் தெரியும் செடி. தரையில் இருப்பதைப் பார்ப்பதற்கு வேறு பழக்கம் வேண்டும்.

சோழமண்டலக் கரையை ஒட்டிய புதர்க்காடுகளில் முதலில் பெயர் சொல்ல வேண்டிய தரை ஆர்க்கிட், யூலோஃபியா எபிடெண்ட்ரியா. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியிருக்கிறது. களா, காரை, சூரை, சங்கஞ்செடி போன்ற முட்புதர்களின் அடியில், ஆடு மாடு வாய் வைக்க முடியாத இடமாகப் பார்த்து நிற்கும். பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாகக் கூம்பு வடிவில் பச்சைநிறத் தடித்த தண்டுகள். அவற்றின் நுனியிலிருந்து கோரைப்புல்லைப் போல நீண்ட, மெல்லிய இலைகள். பூ இல்லாதபோது பார்த்தால் ஏதோ புல் என்று தாண்டிப் போய்விடுவீர்கள். பூந்தண்டு கிளம்பினால் சில சமயம் இடுப்பு உயரத்துக்கும் வரும். பூக்கள் வெளிறிய பச்சை. நடுவில் நாக்கு நீட்டியதுபோல் இருக்கும் உதட்டிதழ் மட்டும் வெள்ளை, அதன்மேல் ஊதாச் சிவப்பில் மெல்லிய வரிகள்.

கண்ணைப் பறிக்கிற அழகு என்று சொல்லமாட்டேன். மண்டப மேடைக்கு இது லாயக்கில்லாத பூ. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் வழியாகப் பார்த்தால்தான் உதட்டிதழின் மேலுள்ள முகடுகளும் வரிகளும் தெரியவரும்.

தரங்கம்பாடி வைத்தியரும் கோரமண்டல் ஓவியங்களும்

இந்தச் செடியை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்த கதை முழுக்க நம் கடற்கரையில்தான் நடந்தது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கேனிக் 1768ல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தார். டேனிஷ் குடியேற்றத்தில் வேலை. மனம் முழுக்கச் செடிகளில். 1774ல் ஆற்காடு நவாபின் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார், 1778ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறினார், 1785ல் இறந்தார். அவர் எழுதி வைத்த ஆர்க்கிட் குறிப்புகள் ஸ்வீடன் தாவரவியலாளர் ரெட்சியஸின் வெளியீட்டில் 1791ல் அச்சேறின. எபிடெண்ட்ரியா என்ற பெயர் அதில் வந்ததுதான். அப்போது செராப்பியஸ் என்ற வேறொரு பேரினத்தில் அதைச் சேர்த்திருந்தார்கள்.

கேனிக்கோடு பழகிய இன்னொருவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1776ல் மதராஸ் வந்து, பிறகு இன்றைய ஆந்திராவின் சாமல்கோட்டையில் தோட்டம் வைத்து, உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான செடிகளை வரைய வைத்தவர். கோரமண்டல் கரையின் தாவரங்கள் என்ற அவருடைய பெரிய படத்தொகுப்பின் முதல் பாகம் 1795ல் வந்தபோது, இதே ஆர்க்கிட் லிமோடோரம் வைரன்ஸ் என்ற பெயரில் அதில் இடம்பெற்றது. மேலே சொன்ன வாண்டாவும் அதே பாகத்தில் உண்டு. அந்தப் படங்களை வரைந்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பெயர்கூட அச்சில் வராமல் போனார்கள் என்பது தனி வருத்தம்.

இப்போது வழங்கும் யூலோஃபியா எபிடெண்ட்ரியா என்ற முழுப்பெயர் 1928ல் வந்தது. மதராஸ் மாகாணத்தின் தாவரங்களை காம்பிள் என்ற தாவரவியலாளர் தொகுக்கத் தொடங்கினார்; அவர் இறந்த பிறகு அதை முடித்துக் கொடுத்த சி.இ.சி. ஃபிஷர் அந்தத் தொகுப்பில் செடியை இந்தப் பேரினத்துக்கு மாற்றினார். தரங்கம்பாடி, சாமல்கோட்டை, மதராஸ் என்று ஒரே கடற்கரையில் சுற்றிய பெயர் வரலாறு. கடல்மட்டத்தை ஒட்டிய இந்த நிலத்தின் ஆர்க்கிட்டுகளைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். மலை ஆர்க்கிட் மோகம் பின்னால் வந்தது.

விதையில் சோறு இல்லை

தரை ஆர்க்கிட்டை வளர்ப்பது ஏன் கடினம், பிடுங்கி நட்டால் ஏன் பெரும்பாலும் செத்துப்போகிறது, ஏன் ஒரு காட்டில் இருக்கிறது பக்கத்துக் காட்டில் இல்லை: இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை மண்ணுக்குள் இருக்கிறது.

நெல்லோ உளுந்தோ எடுத்துக்கொண்டால், முளைக்கப்போகும் குழந்தைக்கு வேண்டிய உணவை விதையே கட்டிக்கொடுத்து அனுப்புகிறது. ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறு கிடையாது. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதைகள். ஒவ்வொன்றும் தூசி மாதிரி. வெறும் சில செல்களாலான கரு, அதைச் சுற்றி காற்றில் மிதக்கும் மெல்லிய உறை, அவ்வளவுதான். காய் வெடித்தால் காற்று கொண்டுபோகிறது. விழுந்த இடத்தில் சரியான பூஞ்சையின் இழை வந்து விதைக்குள் நுழைய வேண்டும். அந்தப் பூஞ்சை மண்ணிலுள்ள மக்கிலிருந்து எடுத்த சத்தை விதைக்குக் கொடுக்க, அது இலையோ வேரோ இல்லாத ஒரு சிறு உருண்டையாக முதலில் வளர்கிறது. பச்சையம் இல்லாமல், வெளிச்சம் பார்க்காமல், மாதக்கணக்கில், சில இனங்களில் வருஷக்கணக்கில், மண்ணுக்கடியிலேயே இருக்கும். அதற்கப்புறம்தான் முதல் இலை.

நோயெல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் 1899ல் இதைக் கண்டுபிடித்தார். பாரிசுக்குப் பக்கத்தில் ஃபோன்டென்புளோ காட்டில், மண்ணில் புதைந்த ஒரு ஆர்க்கிட் பூந்தண்டைத் தோண்டிப் பார்த்தபோது, அதன் காய்களுக்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. முளைத்த எல்லாவற்றிலும் பூஞ்சை இழைகள். பிறகு 1922ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், பூஞ்சை கொடுக்கும் உணவுக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதைகளை முளைக்க வைத்தார். இன்று நர்சரியில் கிடைக்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பகுதி நட்சன் காட்டிய வழியில் கண்ணாடிக் குடுவைக்குள் பிறந்தவை, அல்லது அப்படிப் பிறந்தவற்றின் சந்ததி.

ஆனால் காட்டில் சர்க்கரைக் குடுவை இல்லை. செடி வளர்ந்த பிறகும் தரை ஆர்க்கிட்டுகளின் வேர்ச் செல்களுக்குள் பூஞ்சை இழை சுருண்டு கிடக்கும். செடி அதைச் செரித்துச் சத்தை எடுத்துக்கொள்ளும். காட்டுச் செடியைத் தோண்டி எடுப்பவர் கிழங்கை மட்டும்தான் எடுக்கிறார். அதற்கு உணவு கொடுத்த வலையில் முக்கால்வாசியும் குழியிலேயே நின்றுவிடுகிறது. கிழங்கில் சேமிப்பு இருப்பதால் தொட்டியில் ஒரு பருவம் இலை விடும், அதிர்ஷ்டம் இருந்தால் பூக்கவும் செய்யும். ஆகா, பிடித்துவிட்டது என்று நினைப்போம். அடுத்த வருஷம் கிழங்கு பாதியாகச் சுருங்கும், அதற்கடுத்த வருஷம் இருக்காது. தோண்டி எடுப்பவர்கள் பலரும் தங்களால்தான் செடி செத்தது என்பதை உணராமலே இருப்பதற்கு இந்தத் தாமதம் காரணம்.

விதை தூசியாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. 1883ல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவே கருகிப்போனது. பக்கத்து நிலத்துக்கும் அதற்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் கடல். அங்கே 1897ல் போய்ப் பார்த்த தாவரவியலாளர்கள் மூன்று தரை ஆர்க்கிட்டுகளைக் கண்டார்கள். அதில் ஒன்று ஸ்பாத்தோகிளாட்டிஸ் பிளிக்காட்டா. சென்னை நர்சரிகளில் "கிரவுண்ட் ஆர்க்கிட்" என்று பிளாஸ்டிக் பையில் விற்கிறார்களே, அதே செடிதான். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தேன் இல்லாத கடை

யூலோஃபியா இனங்கள் பலவும் ஏமாற்றுக்காரப் பூக்கள். தேன் இருப்பதுபோல் வரிகள், இறங்க வசதியாக உதட்டிதழ், பின்னால் ஒரு சிறு கொம்பு, உள்ளே ஒன்றுமில்லை. வண்டு அல்லது தேனீ தேனுக்காகத் தலையை நுழைக்கும்போது மகரந்தம் முழுவதும் ஒரே பொதியாக அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஏமாந்த பூச்சி அடுத்த பூவிலும் ஏமாந்தால்தான் வேலை நடக்கும். அதனால் காய் பிடிக்கும் விகிதம் குறைவு. பிடித்த ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது.

பல தரை ஆர்க்கிட்டுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பூச்சியின் மேல் ஒட்டிய பொதி முதலில் நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் அதன் காம்பு உலர்ந்து முன்பக்கமாக வளையும். வளைந்த பிறகுதான் அது அடுத்த பூவின் சூலகமுடியில் சரியாகப் போய் இடிக்கும். அதற்குள் பூச்சி வேறு செடிக்குப் போயிருக்கும், தன் மகரந்தம் தனக்கே வந்து சேராது. டார்வின் 1862ல் எழுதிய ஆர்க்கிட் நூலில் இதை ஒரு பென்சில் முனையை வைத்துச் செய்து காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம், வீட்டில் வளர்க்கும் செடியில். காட்டுப் பூவில் வேண்டாம். அங்கே ஒவ்வொரு பொதிக்கும் வேலை இருக்கிறது.

ஹாபெனேரியா என்ற தரை ஆர்க்கிட் இனங்கள் வேறு வகை. தரையோடு படிந்த இலைகள், வெள்ளைப் பூ, பின்புறம் நீண்டு தொங்கும் குழல், அதன் அடியில் நிஜமாகவே தேன். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள இரவு விட்டில்பூச்சிகளுக்கான ஏற்பாடு அது. பகலில் போனால் பூவைப் பார்க்கலாம், விருந்தாளியைப் பார்க்க முடியாது.

தூங்கத் தெரிந்த செடி

சென்னையின் மழைக்கணக்கு விசித்திரமானது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு தை, மாசி தொடங்கி ஆனி வரை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நடுவில் கத்திரி வெயில். நன்மங்கலம், பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளின் பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் அதே வகைக் கல், அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள். அதன்மேல் படிந்திருப்பது ஒரு சாண் சரளை மண். மழை பெய்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். மே மாதத்தில் கையை வைத்தால் சுடும்.

இந்த நிலத்தில் ஆர்க்கிட் பிழைப்பதற்கு ஒரே வழி, பாதி வருஷம் இல்லாததுபோல் இருப்பது. யூலோஃபியாவின் தடித்த தண்டுகள் நீரையும் மாவுச்சத்தையும் சேமித்து வைத்திருக்கும். வறட்சியில் இலை காய்ந்து விழும். ஹாபெனேரியா இன்னும் ஒரு படி மேல்: மண்ணுக்கு மேல் எதுவுமே மிஞ்சாது, கீழே சின்னக் கிழங்கு மட்டும். மழைக்காலம் முழுவதும் உழைத்துப் புதிய கிழங்கு ஒன்றை உருவாக்கிவிட்டு, பழையது சுருங்கி அழியும். சில தரை ஆர்க்கிட்டுகள் ஒரு பருவம் முழுக்கத் தலைகாட்டாமல் கீழேயே இருந்துவிட்டு அடுத்த வருஷம் வருவதும் உண்டு. செடி செத்துவிட்டது என்று எழுதிய ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு வெட்கப்பட நேர்ந்திருக்கிறது.

வளர்க்க நினைப்பவர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டியது இந்தத் தூக்கத்தைத்தான். தொட்டியில் இலை காய்வதைப் பார்த்ததும் நமக்குக் கை துடிக்கும். தண்ணீர் ஊற்றுவோம், உரம் போடுவோம். தூங்கும் கிழங்குக்கு ஊற்றிய தண்ணீர் அழுகலாக முடியும். வெயிலில் செத்த யூலோஃபியாவைவிட அன்பில் செத்தவை அதிகம்.

எதை வளர்க்கலாம், எப்படி

காட்டிலிருந்து ஒரு செடிகூட எடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே முடித்துவிடலாம். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பிடுங்குவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியல்களில் இருக்கிறது. இவை தவிர மருந்துச் சந்தையின் நெருக்கடியும் உண்டு: சித்த, யுனானி மருந்துகளில் சேரும் சாலாமிசிரி என்ற ஆர்க்கிட் கிழங்குச் சரக்குக்கு வெளிநாட்டுக் கிழங்கு கிடைக்காதபோது யூலோஃபியா கிழங்குகள் மாற்றுச் சரக்காகப் போகின்றன. கிழங்கை எடுத்தால் செடியே போயிற்று. இலையைப் பறிப்பது மாதிரி மறுபடி துளிர்க்காது.

அப்படியானால் தொடங்க நல்ல செடி, மேலே சொன்ன ஸ்பாத்தோகிளாட்டிஸ். ஈசிஆர் சாலையோர நர்சரிகளிலும் ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து செடி வரவழைக்கும் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும். மடிப்பு மடிப்பாக விசிறி போன்ற நீண்ட இலைகள், நடுவில் உயரும் தண்டில் கொத்தாக ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பூக்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியது. நம் புதர்க்காட்டுச் செடி இல்லை. ஆனால் தரை ஆர்க்கிட்டின் போக்கைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது. தண்ணீர் தவறாமல் கொடுத்தால் சென்னையில் பெரும்பாலும் வருஷம் முழுவதும் பச்சையாகவே இருக்கும், தூங்கவே தூங்காது.

அது பழகிய பிறகு யூலோஃபியாவுக்கு வரலாம். ஆன்லைனில் யூலோஃபியா என்ற பெயரில் பல இனங்கள் விற்கிறார்கள். வாங்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று: நர்சரியில் பெருக்கிய செடியா, தோண்டி வந்ததா? தோண்டியது என்றால் கிழங்குகள் பலவித அளவில், அடிபட்ட தழும்போடு இருக்கும், வேர்கள் வெட்டுப்பட்டிருக்கும், காட்டு மண்ணும் புல்வேரும் ஒட்டியிருக்கும். தொட்டியில் வளர்ந்ததற்கு வேர் உருண்டையாகத் தொட்டியின் வடிவில் சுற்றியிருக்கும். விற்பவர் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

மண் கலவைக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பாதிக்குப் பாதி கரடுமணலும் பொடி ஜல்லியும், மீதியில் செம்மண் கொஞ்சம், நன்றாக மக்கிய இலைமக்கு கொஞ்சம், உடைத்த அடுப்புக்கரி ஒரு கைப்பிடி. தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளில் கீழே வடிய வேண்டும், அதுதான் சோதனை. வெறும் தேங்காய் நார்க்கழிவில் வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். கார்த்திகை மழையில் அது பஞ்சு மாதிரி ஊறிப்போய் பத்து நாளானாலும் காயாது. மண்தொட்டி நல்லது, அடியில் துளை பெரிதாக இருக்கட்டும். யூலோஃபியாவின் தண்டை முழுதாகப் புதைக்காமல் பாதி வெளியே தெரியும்படி நட வேண்டும்.

சென்னையின் நிஜப் பிரச்சினை தண்ணீர். போர்வெல் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு வேர் நுனியையும் கருக்கும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீர் அதைவிட மோசம், செடிக்கு வேண்டாம். 2003லிருந்து வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாகிவிட்டது; மாடியிலிருந்து வரும் குழாயில் ஒரு பீப்பாயை இடைமறித்து வைத்தால் நாலைந்து தொட்டிகளுக்குப் பல வாரங்கள் வரும். மூடி போட மறக்காதீர்கள், கொசு வரும். மழைநீர் தீர்ந்து குழாய்த் தண்ணீர்தான் என்றால், மாதம் ஒருமுறை வழியவழிய ஊற்றி உப்பைக் கழுவி விடலாம்.

யூலோஃபியாவின் வருஷம் இப்படிப் போகும். ஆவணி, புரட்டாசியில் தண்டின் அடியில் புதுமுளை தெரிந்ததும் மெல்லத் தண்ணீரைத் தொடங்குங்கள். தொட்டி மாற்றுவதும், கூட்டமாகிவிட்டால் மூன்று தண்டுகள் சேர்ந்த துண்டுகளாகப் பிரிப்பதும் அப்போதுதான். இலை விரிந்த பிறகு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு உரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பச்சைச் சாணம் வேண்டாம். அடைமழை நாட்களில் தொட்டியைத் தாழ்வாரத்தில் ஒதுக்கி வையுங்கள். 2023 டிசம்பரின் மிக்ஜாம் மாதிரி புயல் வந்தால் வெட்டவெளியில் நிற்கும் தொட்டி கிணறாகிவிடும். அந்த ஈரத்தில்தான் நத்தைகளும் கிளம்பும், இளமுளையை ஒரே இரவில் சவரம் செய்துவிட்டுப் போகும். டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே நிச்சயமான வைத்தியம். மாவுப்பூச்சி இலையிடுக்கில் சேர்ந்தால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

பொங்கலுக்குப் பிறகு தண்ணீரைக் குறையுங்கள். இலை மஞ்சளானதும் நிறுத்திவிடலாம். தண்டு ரொம்பச் சுருங்கினால் மட்டும் எப்போதாவது ஒரு டம்ளர். இந்த இனங்கள் பலவும் இலை இல்லாமலே பூந்தண்டு விடும், ஆகவே காய்ந்த தொட்டி என்று ஓரங்கட்டி மறந்துவிடக் கூடாது. கோடையில் ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. மொட்டை மாடித் தளத்தின் மேல் நேரடியாக வைத்தால் கீழிருந்து வரும் சூட்டில் வேர் வெந்துவிடும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

ஹாபெனேரியாவை வீட்டில் முயற்சி செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை. பூஞ்சையைச் சார்ந்த கிழங்குச் செடி, விதையிலிருந்து பெருக்கிய கன்று கடைகளில் கிடைப்பதும் அரிது. அதை அதன் இடத்தில் போய்ப் பார்ப்பதே சரி. தென்னிந்தியக் காட்டு ஆர்க்கிட்டுகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963ல் ஏற்காட்டில் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. அங்கே இருப்பவற்றில் மலை இனங்கள்தான் அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள்.

இங்கே அரிது, அங்கே களை

நம் யூலோஃபியா எபிடெண்ட்ரியாவுக்கு யூலோஃபியா கிராமினியா என்று ஒரு சகோதரி உண்டு, இந்தியா உட்பட ஆசியாவின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தவள். 2007ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்பட்டாள். அங்கே வீட்டுத் தோட்டங்களில் மண்மேல் பரப்பும் மரச்சீவல் படுகைகளில் தானாக முளைத்துப் பரவி, இன்று அங்கே அது அந்நியக் களை. இதைப் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரலாம்: அவ்வளவு எளிதாக வளரும் குடும்பம் என்றால் இங்கே ஏன் பாதுகாப்பு? பூஞ்சைத் துணையைப் பொறுத்தவரை எல்லா இனமும் ஒன்றில்லை. சிலது கிடைத்ததோடு ஒத்துப்போகும், சிலது போகாது. தவிர, ஃபுளோரிடாவில் அதற்குக் கிடைத்தது மக்கும் மரம், நிழல், ஈரம், தொந்தரவில்லாத மண். நம் ஊரில் குறைந்துகொண்டே போவதும் அதுதான்.

சென்னையைச் சுற்றிய புதர்க்காட்டுக்கு மரியாதை கிடைத்ததே இல்லை. மரம் உயரமில்லை, நிழல் போதவில்லை, முள். பார்ப்பவர்கள் தரிசு என்கிறார்கள். தரிசு என்ற முத்திரை விழுந்தால் குவாரிக்கோ குப்பைக்கோ மனைக்கோ எளிதாகப் போய்விடும். நல்லெண்ணத்தோடு வருபவர்களும் "காடு வளர்க்கிறோம்" என்று குழி தோண்டி நிழல்மரம் நடுவார்கள். அந்தக் குழி தோண்டும்போதே கீழே இருந்த கிழங்கும் பூஞ்சை வலையும் கிழிபடுகின்றன. புதர்க்காட்டில் மரம் நடுவதை நான் நல்ல காரியமாக எண்ணவில்லை. சீமைக் கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் கவனமாக அகற்றிவிட்டு, மீதியைச் சும்மா விடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி.

கணக்கெடுப்பிலும் இதே சிக்கல். ஒரு சாலைக்கோ கட்டடத்துக்கோ முன்பு அந்த இடத்தில் என்னென்ன செடிகள் என்று பட்டியல் எடுக்கிறார்கள். பட்டியல் சித்திரை, வைகாசியில் எடுக்கப்பட்டால் ஹாபெனேரியா அதில் இருக்க வாய்ப்பே இல்லை, யூலோஃபியா காய்ந்த புல்லாகத் தெரியும். மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று குறைந்தது இரண்டு பருவங்களில் பார்க்காத பட்டியலை ஆர்க்கிட் விஷயத்தில் நம்ப முடியாது. நன்மங்கலத்துக்கும் வண்டலூர்ப் பக்கத்துக் காடுகளுக்கும் போய் வரும் இயற்கை ஆர்வலர்கள் இதில் நிறையவே செய்ய முடியும், வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. பூவை மட்டும் படமெடுக்காமல் இலை, காய், அடித்தண்டு, சுற்றியுள்ள புதர் எது, தேதி என்ன என்று சேர்த்துப் பதிந்தால், அடுத்தமுறை ஒருவர் பட்டியல் எடுக்க வரும்போது எந்த மாதத்தில் எதைத் தேட வேண்டும் என்று காட்ட முடியும். படத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால் அதிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்கிவிட வேண்டும். காட்டின் பெயர் போதும், எந்தப் புதரடி என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.